கல்யாண வீடியோ கேசட்டை கம்ப்யூட்டரில் ஏற்றுவது எப்படி?

1980, 90களில் கல்யாணம் நடந்த வீடுகளில் பெரும்பாலும் ஒரு வீடியோ கேசட்டாவது பரணில் இருக்கும். போட்டுப் பார்க்க வி.சி.ஆர். தான் இருக்காது. ஜப்பானின் ஜேவிசி நிறுவனம் 1976ல் கொண்டு வந்த விஎச்எஸ் கேசட் இது. கடைசி வரை வி.சி.ஆர். தயாரித்து வந்த ஃபுனாய் நிறுவனமும் 2016 ஜூலையில் தயாரிப்பை நிறுத்திவிட்டது. எனவே ஓடுகிற வி.சி.ஆர். கிடைக்கும்போதே கேசட்டை டிஜிட்டலாக மாற்றிக்கொள்வது நல்லது.

இன்னொரு காரணமும் உண்டு. 2015 டிசம்பர் முதல் வாரத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை கொட்டியது. அடையாறு பெருகி முடிச்சூர், வரதராஜபுரம் பகுதி வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. நெகட்டிவ் இருந்தால் போட்டோவை மறுபடி பிரிண்ட் போடலாம். கேசட் போனால் போனதுதான். மறைந்த தாத்தா, பாட்டியின் குரல் வேறு எங்கும் பதிவாகியிருக்காது.

என்னென்ன தேவை?

1. ஓடுகிற வி.சி.ஆர். வீட்டில் இல்லையென்றால் உறவினர்களிடம் கேளுங்கள். அண்ணா சாலை ரிச்சி தெருவிலும் விசாரிக்கலாம்.

2. யுஎஸ்பி வீடியோ கேப்சர் கருவி. ஒரு முனை யுஎஸ்பி, மறுமுனையில் மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஏவி பின்கள் இருக்கும். எச்டிஎம்ஐ மட்டும் உள்ள கருவியை வாங்கிவிடாதீர்கள்.

3. ஓபிஎஸ் ஸ்டுடியோ சாப்ட்வேர். இது இலவசம்.

4. ஹார்ட் டிஸ்க்கில் இடம். 6 மெகாபிட் வேகத்தில் பதிந்தால் ஒரு மணி நேர வீடியோவுக்கு சுமார் 2.7 ஜிபி ஆகும். மூன்று மணி நேர கேசட்டுக்கு 8 ஜிபிக்கு மேல் வேண்டும்.

முதலில் கேசட்டைப் பாருங்கள்

கேசட்டின் கண்ணாடி வழியாக டேப்பைப் பாருங்கள். வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் அது பூஞ்சை. அதை வி.சி.ஆரில் போடாதீர்கள். பூஞ்சை ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் பரவும். நனைந்த கேசட்டையும் ஓட்டக்கூடாது, வெயிலில் காய வைக்கவும் கூடாது. இவற்றை டேப் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுப்பதே சரி.

நல்ல கேசட்டின் முதுகுப் பக்கத்தில் உள்ள சிறிய பிளாஸ்டிக் துண்டை உடைத்துவிடுங்கள். பிறகு தவறுதலாக ரெக்கார்ட் பட்டனை அழுத்தினாலும் பழைய பதிவு அழியாது. பல வருடம் ஓடாத வி.சி.ஆர். டேப்பைச் சிக்க வைத்துவிடலாம். ஆகவே முதலில் வேண்டாத பழைய சினிமா கேசட் ஒன்றை ஓட்டிப் பாருங்கள். அது ஒழுங்காக ஓடினால் கல்யாண கேசட்டை உள்ளே தள்ளுங்கள். கடைசி வரை ஓட்டி, ரீவைண்ட் செய்துவிட்டு பதிவைத் தொடங்குங்கள்.

பதியும் முறை

1. வி.சி.ஆரின் ஏவி அவுட்டில் இருந்து மூன்று வயர்களையும் நிறம் பார்த்து கேப்சர் கருவியில் இணையுங்கள். வி.சி.ஆரில் ஆடியோ பின் ஒன்றுதான் இருந்தால் அதை வெள்ளையில் செருகுங்கள்.

2. ஓபிஎஸ்ஸில் சோர்சஸ் பகுதியில் உள்ள பிளஸ் குறியை க்ளிக் செய்து, வீடியோ கேப்சர் டிவைஸ் என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

3. கான்ஃபிகர் வீடியோ பட்டனை அழுத்தி, வீடியோ ஸ்டாண்டர்டை பால் பி என வையுங்கள். இந்திய கேசட்டுகள் இந்த முறையில் பதிந்தவை. என்டிஎஸ்சி என இருந்தால் படம் கறுப்பு வெள்ளையாகத் தெரியும் அல்லது உருளும். ரெசல்யூஷனை 720x576 ஆக்குங்கள்.

4. செட்டிங்ஸ், வீடியோ பகுதியில் இரண்டு அளவுகளையும் 768x576 எனவும், எஃப்பிஎஸ்ஸை 50 எனவும் கொடுங்கள். பிறகு படத்தின் மேல் ரைட் க்ளிக் செய்து, டிரான்ஸ்ஃபார்ம் மெனுவில் ஸ்ட்ரெச் டு ஸ்கிரீன் கொடுங்கள். பழைய டிவியின் 4:3 வடிவம் சரியாக வரும்.

5. அதே ரைட் க்ளிக் மெனுவில் டீஇன்டர்லேசிங், யாடிஃப் 2எக்ஸ் என்பதைத் தேர்ந்தெடுங்கள். பால் முறையில் ஒரு படம் இரண்டு பாதிகளாக, வினாடிக்கு 50 பாதிகள் வரும். இதைச் செய்யாவிட்டால் கை, கால் அசையும் இடமெல்லாம் சீப்புப் பல் போல கோடுகள் தெரியும்.

6. ஆடியோ மிக்சரில் மைக், டெஸ்க்டாப் ஆடியோ இரண்டையும் மியூட் செய்யுங்கள். இல்லையென்றால் உங்கள் வீட்டு குக்கர் விசில் கல்யாண மேளத்தோடு சேர்ந்து பதிவாகும். கேசட்டின் சத்தம் வரவில்லையா? ஆடியோ இன்புட் கேப்சரில் யுஎஸ்பி கருவியைச் சேருங்கள். ஒரு பக்க ஸ்பீக்கரில் மட்டும் கேட்டால் அட்வான்ஸ்டு ஆடியோ ப்ராப்பர்ட்டீஸில் மோனோவை டிக் செய்யுங்கள்.

7. செட்டிங்ஸ், அவுட்புட் பகுதியை அட்வான்ஸ்டுக்கு மாற்றி, ரெக்கார்டிங்கில் எக்ஸ்264 என்கோடரும் 6000 பிட்ரேட்டும் கொடுங்கள். ஃபைல் வகை எம்கேவி ஆக இருக்கட்டும். நடுவில் கரண்ட் போனாலும் அதுவரை பதிந்தது தப்பிக்கும்.

8. இரண்டு நிமிடம் பதிந்து போட்டுப் பாருங்கள். படமும் சத்தமும் சரியாக இருந்தால் முழுக் கேசட்டையும் ஓட்டலாம். மூன்று மணி நேர கேசட் பதிய மூன்று மணி நேரமே ஆகும். முடிந்ததும் ஃபைல் மெனுவில் ரீமக்ஸ் ரெக்கார்டிங்ஸ் கொடுத்து எம்பி4 ஆக மாற்றிக்கொள்ளுங்கள்.

எதை முதலில் மாற்றுவது?

அந்தக் கால ஸ்டுடியோக்கள் கல்யாண வீடியோவில் சினிமா பாட்டை மிக்ஸ் செய்து கொடுப்பது வழக்கம். அதில் உறவினர்கள் பேசியது பாட்டுக்கு அடியில் மறைந்துபோயிருக்கும். மிக்ஸ் செய்யாத ஒரிஜினல் கேசட் வீட்டில் இருந்தால் அதை முதலில் மாற்றுங்கள். குரல்கள் அதில்தான் இருக்கும். பாட்டு சேர்த்த வீடியோவை யூடியூபில் ஏற்றினால் காப்பிரைட் பிரச்சினையும் வரலாம்.

எல்லாம் முடிந்ததும் ஒரு பிரதியை எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கிலும், மற்றொன்றை வேறு ஊரில் இருக்கும் உறவினர் வீட்டிலோ கிளவுடிலோ வையுங்கள். பென் டிரைவ் எஃப்ஏடி32 முறையில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஃபைலை ஏற்காது. எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஃபார்மட் செய்தால் அதில் உள்ளவை அழிந்துவிடும் என்பதால் முதலில் காப்பி எடுத்துக்கொள்ளுங்கள். கேசட்டைத் தூக்கி எறிய வேண்டாம். நிற்க வைத்து, மேல் அலமாரியில் பத்திரப்படுத்துங்கள்.