வெள்ளை எலிக்கு ஏற்ற வீடு



எலி என்றதும் முகஞ்சுளிப்போர் பலர். ஆயினும் விநாயகப் பெருமானுக்கு ஊர்தியாய் அமைந்தது மூஷிகம் அன்றோ? நம் சீன நண்பர்களின் பன்னிரண்டு ஆண்டுச் சுழற்சியில் முதலிடம் பெற்றிருப்பதும் எலியே. 2020ஆம் ஆண்டு எலி ஆண்டாக அமைந்தது.

இல்லங்களில் வளர்க்கப்படும் எலிகள் பழுப்பு எலி இனத்தின் வழித்தோன்றல்கள் ஆகும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் விக்டோரியா அரசியாரின் எலி பிடிப்பாளராய் இருந்த ஜாக் பிளாக் என்பவர், தாம் பிடித்தவற்றுள் நிறம் மாறியவற்றைத் தனியே வளர்த்து விற்றார். அமெரிக்காவின் பிலடெல்பியா நகரிலுள்ள விஸ்டார் ஆய்வுக்கழகத்தில் 1906ஆம் ஆண்டு முதல் வெள்ளை எலிகள் ஆய்வுக்கென இனப்பெருக்கம் செய்யப்பட்டன. இவ்வாறு பல தலைமுறைகள் மனிதரோடு வாழ்ந்து பழகியமையால்தான் அவை நம் கையில் அச்சமின்றி அமர்கின்றன. சாக்கடை எலியைப் பிடித்து வளர்க்க எவரும் முற்படலாகாது. அதன் சிறுநீர் வழியே எலிக்காய்ச்சல் பரவும்.

சில ஆண்டுகளுக்கு முன் வகுப்பின் அறிவியல் மூலைக்கென இரண்டு வெள்ளை எலிகளை வாங்கி வந்தேன். வெறுமையாய்க் கிடந்த கண்ணாடி மீன்தொட்டி ஒன்றில் மரத்தூளைப் பரப்பி அவற்றை விட்டேன். நாற்புறமும் தெளிவாகத் தெரிந்ததால் மாணவர்களுக்குப் பெருமகிழ்ச்சி. மூன்றாம் நாள் நண்பகலில் ஓர் எலி கால்களை நீட்டிப் படுத்து, வாய் திறந்து மூச்சு வாங்கியது. நிழலுக்குக் கொண்டு சென்று ஈரத்துணியால் துடைத்தும் பயனில்லை. மாலையில் அது இறந்தது. பிழை எலியினுடையது அன்று, என்னுடையது.

காரணத்தைக் காண்போம். நம்மைப்போல் உடல் முழுதும் வியர்வை சுரந்து குளிர்ச்சி பெற எலியால் இயலாது. மயிரற்ற வாலே அதன் வெப்பம் வெளியேறும் முக்கிய வழி. பினாங்கிலோ பகல் வெப்பம் 31, 32 பாகை செல்சியசை எட்டுவது வழக்கம். காற்றிலும் ஈரம் மிகுதி. கண்ணாடித் தொட்டிக்குள் காற்று அசைவதில்லை. எலியின் சிறுநீரிலிருந்து எழும் அம்மோனியா வாயு அங்கேயே தேங்கி நுரையீரலைத் தாக்கும். குளிர்நாட்டில் வெப்பத்தைக் காத்துக் கொடுக்கும் தொட்டி, நம் ஊரில் எலியைப் புழுக்கிக் கொல்லும் அடுப்பாகிவிடுகிறது. நான் பரப்பிய மரத்தூளும் தவறானதே. நறுமணமுள்ள பைன் மரத்தூள் மூச்சுக்குழாய்க்கு ஊறு செய்யும். அச்சு மையில்லாத காகிதத்தைக் கிழித்துப் பரப்புவதே நன்று.

ஆகவே நாற்புறமும் கம்பியாலான கூண்டே ஏற்றது. மரக்கூண்டு வேண்டா, எலியின் முன்பற்கள் வாழ்நாள் முழுதும் வளர்வன, அது மரத்தைக் கொறித்து வெளியேறிவிடும். சிறுநீரும் மரத்தில் ஊறி நாறும். இரண்டு எலிகளுக்கு 75 சென்டிமீட்டர் நீளம், 45 சென்டிமீட்டர் அகலம், 60 சென்டிமீட்டர் உயரம் இருத்தல் நலம். கடைகளில் ஹாம்ஸ்டருக்கென விற்கப்படும் வண்ணக் கூண்டு கண்ணைக் கவரும். ஆனால் வளர்ந்த எலிக்கு அது சிறைக்கூடமே. அதிலுள்ள சிறு சக்கரத்தில் ஓடினால் எலியின் முதுகு வளையும்.

கம்பிகளின் இடைவெளி ஒன்றேகால் சென்டிமீட்டரை மிஞ்சலாகாது. குட்டிகளாயின் இன்னும் நெருக்கமாக இருக்க வேண்டும். தலை நுழையும் இடத்தில் உடலும் நுழைந்துவிடும் என்பதை மறவாதீர். தரை மட்டும் கம்பியாக இருத்தல் கூடாது, உள்ளங்கால் புண்ணாகும். கழற்றிக் கழுவத்தக்க தட்டு தரையாக அமையட்டும். கதவு, இரு கைகளும் நுழையுமளவு அகன்றிருக்க வேண்டும். வெறும் கொக்கி போதாது. எலி அதனைத் திறக்கக் கற்றுக்கொள்ளும்.

உள்ளே ஓரிரு தட்டுகளை மாடிபோல் அமைத்தால், ஏறி விளையாடும்போது தவறினாலும் நெடுந்தூரம் விழாது. மறைந்துறங்க ஒரு பெட்டி வேண்டும். எல்லாவற்றினும் எலி விரும்புவது தூளியே! பழைய கைலித் துணியை நான்கு மூலைகளிலும் கட்டித் தொங்கவிட்டால் போதும், குழந்தைபோல் அதில் படுத்துறங்கும். துணியில் நூல் பிரிந்திருப்பின் கால் சிக்கும், மாற்றிவிடுக.

கூண்டினை எங்கே வைப்பது? ஜார்ஜ் டவுனின் பழைய கடைவீடுகளில் வசிப்போர் ஐந்தடிப் பாதையில் வைக்கலாகாது. இரவில் தெரு எலிகளும் பூனைகளும் நாடி வரும். அடுக்குமாடி வீட்டினர் மாலை வெயிலும் மழைச்சாரலும் தாக்கும் பலகணியைத் தவிர்க்க வேண்டும். வெள்ளை எலியின் சிவந்த கண்கள் பேரொளியைத் தாங்கமாட்டா. காற்றோட்டமுள்ள நிழலான அறையே உகந்தது. எறும்பு ஏறாதிருக்க மேசைக் கால்களை நீர்க் கிண்ணங்களில் நிறுத்துவது நம் வீட்டுப் பெரியோரின் வழக்கம். நல்ல வழியே, எனினும் அந்நீரில் ஏடிஸ் கொசு முட்டையிடும். டிங்கிக் காய்ச்சலுக்கு நாமே வழி செய்யாதபடி, வாரம் இருமுறை கிண்ணங்களைத் தேய்த்துக் கழுவி நீரை மாற்றுக. காகித விரிப்பையும் அன்றே மாற்றிவிடலாம்.

எலி கூட்டமாய் வாழும் உயிர். தனியே வளர்த்தல் தகாது. ஆணையும் பெண்ணையும் சேர்த்து வைத்தாலோ மூன்றே வாரங்களில் பத்துக் குட்டிகள்கூடப் பிறக்கக்கூடும்! ஒரே பாலினமாகத் தேர்ந்தெடுங்கள்.

எஞ்சிய எலிக்கு, இரும்புப் பட்டறை வைத்திருந்த மாணவர் ஒருவரின் தந்தையார் மேற்சொன்ன அளவிலேயே கூண்டு செய்து தந்தார். துணைக்கு வாங்கிய எலியைச் சில நாள் வேறு கூண்டில் அருகே வைத்துப் பழக்கியபின் சேர்த்துவிட்டோம். முதல் இரவே இரண்டும் ஒரே தூளியில் உறங்கின. மறுநாள் காலை மாணவர்கள் வந்து பார்த்தபோது, தூளிக்கு வெளியே இரண்டு வால்கள் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தன.