கோழிக்குச் சிறகு கத்தரித்தலும் கிளியைக் காத்தலும்

வைகாசி, ஆனி மாதங்களில் பெரியாற்று நீர் திறக்கப்பட்டதும் வீரபாண்டி வயல்களில் முதற்போகத்திற்கு நாற்றங்கால் விடப்படுகிறது. வேலி தாண்டி வந்து முளைவிதையைக் கிளறித் தின்னும் நாட்டுக்கோழிகளால் அண்டை வீட்டாரிடையே நேரும் சச்சரவு சிறிதன்று. இதற்கு எளிய பரிகாரம் சிறகு கத்தரித்தல். ஆயினும் முறையறியாது செய்யின் கோழிக்கு ஊறு விளையும்.

சிறகின் நுனிப்பாகத்தில் நீண்ட இறகுகள் பத்து உள. பறவையை முன்னே உந்துவன இவையே. இவற்றிற்கும் உடலுக்கும் இடைப்பட்ட இறகுகள் அதனை மேலே தாங்குவன. ஒரு சிறகை மட்டும் விரித்து, நுனி இறகுகள் பத்தினையும், அவற்றின் அடியை மூடியுள்ள சிற்றிறகு வரிசைக்குச் சற்று வெளியே கத்தரிக்கோலால் நறுக்குதல் வேண்டும். அப்பொழுது கோழி எழும்பினால் சமநிலை தவறிச் சாயும். உட்புற இறகுகளைத் தொடலாகாது. தாய்க்கோழி குஞ்சுகளை அணைப்பதற்கு அவை வேண்டும்.

முதிர்ந்த இறகின் தண்டு நகநுனியைப்போல் உயிரற்றது, நறுக்கினால் நோவதில்லை. வளரும் இறகின் தண்டிலோ இரத்தம் ஓடும், கருநீலமாகத் தோன்றும். அதனை வெட்டிவிட்டால் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து இரத்தத்தை நிறுத்தவேண்டும். சிலர் இறகைப் பிடுங்கிவிடுகின்றனர். இது கொடுமை மட்டுமன்று, வீண்வேலையுமாம். பிடுங்கிய இடத்தில் சில வாரங்களில் புதிய இறகு முளைத்துவிடும். நறுக்கிய இறகோ ஆண்டுதோறும் நிகழும் இறகுதிர்வு வரையில் அவ்வாறே இருக்கும்.

சிறகு நறுக்கிய கோழி மரக்கிளையில் அடையமாட்டாது. பொழுது சாயுமுன் பஞ்சாரத்தில் அடைக்காவிடில் கீரிக்கும் நாய்க்கும் இரையாகும்.

கிளியின் விஷயம் வேறு. 1972ஆம் வருஷத்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டுப் பச்சைக்கிளியைப் பிடித்தலும் விற்றலும் கூண்டில் வளர்த்தலும் குற்றமாம். கதிரைக் கொய்கிறது என்பதோ ஜோசியத்திற்கு வேண்டும் என்பதோ இதற்கு விலக்காகாது.

இச்சட்டத்தைக் கேள்வியுற்று அஞ்சி, வளர்த்த கிளியை இரவோடிரவாகக் கூண்டு திறந்து விட்டுவிடுவோர் உளர். நல்லெண்ணமே எனினும், சிறகு நறுக்கப்பட்ட கிளிக்கு அது மரணமேயாம். ஒரு சிறகு மட்டும் நறுக்கப்பட்டது சுழன்று விழுந்து மார்பெலும்பு உடையும். பூனையும் காகமும் மற்றதை முடிக்கும். இறகு மீண்டும் முளைத்த பின்னரும், நெடுநாள் பறவாமையால் நலிந்த மார்புத் தசை உடனே தேறிவிடாது. அகன்ற அடைப்பில் பறந்து பழகிய பின்னரே அதனை வெளியில் விடத்தகும்.

ஆதலின் அத்தகைய கிளி கிடைத்தால் அண்மையிலுள்ள வனச்சரக அலுவலகத்தில் ஒப்புவிக்கவேண்டும். கிராம அலுவலர்கள் இதனைக் குடியானவர்களுக்கு எடுத்துரைப்பது நலம். கொண்டு செல்லுங்கால் காற்றுத்துளையிட்ட அட்டைப்பெட்டியில் துணி விரித்து வைத்தால் இருளில் அடங்கியிருக்கும். வாயில் நீரையோ பாலையோ புகட்டலாகாது, மூச்சுக்குழலில் இறங்கிவிடும்.