சதவீதத்தில் அடங்காத தகுதி

எட்டுக் கோணலான உடலோடு ஜனகரின் அவைக்குள் நுழைந்த அஷ்டாவக்கிரரைக் கண்டு பண்டிதர்கள் நகைத்தார்கள். தோலை மட்டும் காண்பவர்கள் எப்படிப் பண்டிதர் ஆவார்கள் என்று அவர் கேட்டதாகக் கதை வழங்குகிறது. நம் மருத்துவக் கல்லூரிகளின் வாசலிலும் வெகுகாலம் அப்படியோர் அவைதான் கூடியிருந்தது.

பேச்சில் 44 முதல் 45 சதவீதம் வரை குறைபாடுடைய மாணவர் ஒருவருக்கு எம்.பி.பி.எஸ். இடம் மறுக்கப்பட்டது. இட ஒதுக்கீடு பெறக் குறைபாடு 40 சதவீதமாவது இருக்க வேண்டும். அந்த அளவை எட்டினாலோ படிப்பே கூடாது! இப்படியும் ஒரு விதி இருந்தது. தில்லியில் உச்ச நீதிமன்றம் 2024 அக்டோபர் 15 அன்று இதைத் திருத்தியது. சதவீதத்தை மட்டும் கொண்டு எவரையும் விலக்கலாகாது. அவரால் பயில இயலுமா என்பதை மருத்துவக் குழு ஆராய வேண்டும். இயலாதெனில் காரணத்தை எழுத வேண்டும் என்றது.

பத்தே நாட்களில் மற்றொரு தீர்ப்பு. தசைச் சிதைவு நோயால் 88 சதவீதக் குறைபாடுடைய மாணவரின் வழக்கு அது. தில்லி மருத்துவக் கல்லூரி ஒன்றில் உடலியங்கியல் பேராசிரியரான டாக்டர் சதேந்திர சிங்கின் அறிக்கையை நீதிமன்றம் ஏற்றது. அவரும் குழந்தைப் பருவத்தில் போலியோவால் பாதிக்கப்பட்டவரே. உரிய உதவிகள் கிடைத்தால் அம்மாணவர் பயில இயலும் என்று அவர் கூறியிருந்தார்.

நோயாளியின் உயிர் என்னாவது என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் எல்லா மருத்துவரும் அறுவைக் கத்தியை எடுப்பதில்லை. நோய்க்குறியியல், மனநல மருத்துவம் போன்ற துறைகளும் உண்டு. உதவி பெறுபவரும் அதே தேர்வில்தான் தேற வேண்டும். சாய்தளமும் தேர்வில் கூடுதல் நேரமும் அவரது பாதையைச் சீராக்குமேயன்றித் தகுதியின் அளவைக் குறைப்பதில்லை. உண்மையில் நோயாளிக்கு ஆபத்து மறைக்கப்படும் நோயிலிருந்தே வருகிறது. வலிப்புக்கோ மனச்சோர்வுக்கோ மருந்து உண்ணும் மாணவர், சொன்னால் இடம் பறிபோகும் என்று அஞ்சும் கல்லூரியில், வாய் திறப்பாரா?

இதைக் கருணை என்று சொல்வதில் எமக்கு உடன்பாடில்லை. கருணை காட்டுபவர் மேலே நிற்கிறார். பெறுபவர் நன்றி சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. ஜீவனைச் சிவனாகக் காணும் தொண்டில் அந்த மேடு பள்ளம் கிடையாது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் 2016-இல் இதையே வேறு மொழியில் சொன்னது: உரிய வசதியை மறுப்பது பாகுபாடு.

மருத்துவக் கல்லூரிகளில் பணியாற்றும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாணவர் தம் உடல்நிலையைக் குறித்துக் கடிதம் தந்தால், வகுப்பின் நடுவே அதைப் பிரிக்காதீர்கள். அறைக்கு அழைத்து, எது தேவை என்று அவரிடமே கேளுங்கள்.