மார்ஃபினும் மூத்திரப்பையும்

"மார்ஃபின் ஆரம்பிச்சாச்சு, இனி கிட்னி போயிடும்." புற்றுநோயாளி இருக்கும் வீடுகளில் இந்தப் பேச்சு அடிக்கடி காதில் விழும். மாத்திரை தொடங்கிய இரண்டொரு நாளில் சிறுநீர் சரியாகப் போகாவிட்டால் பயம் உறுதியாகிவிடுகிறது. உடனே மாத்திரையை நிறுத்துகிறார்கள். அடங்கியிருந்த வலி திரும்பி வந்து அன்றிரவே நோயாளியைப் புரட்டி எடுக்கிறது.

பழுது சிறுநீரகத்தில் இல்லை. அது வழக்கம்போல் சிறுநீரைப் பிரித்துக் கீழே அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறது. தடை மூத்திரப்பையில். பை நிறைந்தால் அதன் சுவரிலுள்ள நரம்புகள் தண்டுவடத்துக்கும் மூளைக்கும் சேதி சொல்லும். பதிலுக்குப் பையின் தசை சுருங்கும், வாய்த்தசை தளரும். மார்ஃபின், டிரமடால், டேப்பென்டடால், ஃபென்டனில் போன்ற ஓபியாய்டு மருந்துகள் வலியை அடக்கும்போதே இந்தச் சேதியையும் மந்தப்படுத்திவிடுகின்றன. பை நிறைந்தது தெரியாது. தெரிந்தாலும் தசை முழுதாகச் சுருங்காது, வாயும் இறுகியே இருக்கும். பெரியவர்களின் மூத்திரப்பை சாதாரணமாக 400 முதல் 600 மில்லி வரை கொள்ளும். அதையும் தாண்டிக் கவனிக்காமல் தேங்கவிட்டால் தசை வலுவிழக்கும், கிருமித்தொற்று வரும், நாட்பட்டால் அழுத்தம் மேலேறிச் சிறுநீரகத்தையும் தாக்கும்.

ஏற்கெனவே சிறுநீரகம் கெட்டவர்கள் விஷயம் வேறு. மார்ஃபின் உடலில் சிதைந்து உண்டாகும் பொருள்கள் வெளியேறாமல் ரத்தத்தில் சேர்ந்து, அதிகத் தூக்கக் கலக்கமும் கைகால் வெட்டி இழுப்பதும் வரும். இவர்களுக்கு மருத்துவர் அளவைக் குறைப்பார் அல்லது ஃபென்டனில் போன்ற வேறு மருந்துக்கு மாற்றுவார். உண்மையில் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியது, மூட்டுவலிக்கென்று சீட்டில்லாமல் வாங்கி மாதக்கணக்கில் விழுங்கும் டைக்ளோஃபெனாக். அதைப் பார்த்து யாரும் பயப்படுவதில்லையே என்பது என் ஆற்றாமை.

"மாத்திரை சூடு, அதான் நீர் கட்டிக்கிச்சு" என்பது அடுத்த நம்பிக்கை. உடனே இளநீர், பார்லித் தண்ணீர், வெள்ளரிக்காய். நீர்க்கடுப்புக்குப் பழகிய கைவைத்தியம்தான், அக்கறையோடு செய்வதுதான். ஆனால் கடுப்பு வேறு, அடைப்பு வேறு. வெளியேற வழியில்லாத பைக்குள் மேலும் மேலும் நீரை அனுப்பினால் அடிவயிறு இன்னும் உப்பும். கால் வீக்கத்துக்கு வாங்கிவைத்த நீர் மாத்திரையைத் தாமாகவே எடுத்துக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். அதுவும் சிறுநீரகத்தை விரட்டுமே தவிர, பையின் வாயைத் திறக்காது. இதற்கு நேர்மாறாக, போகாத நீரை எதற்குக் குடிப்பது என்று தினமும் தண்ணீரைக் குறைத்துக்கொண்டே போனால் மலம் இறுகும். இறுகிய மலம் மலக்குடலில் அடைந்து மூத்திரப்பையை அழுத்தும், அடைப்பு கூடும்.

மலச்சிக்கலைப் பற்றி இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். குமட்டல், தூக்கக் கலக்கம் போன்ற தொல்லைகள் சில நாளில் உடம்புக்குப் பழகிப்போகும். சிறுநீர்த் தடையும் பலருக்குத் தானாகத் தளரும். மலச்சிக்கல் மட்டும் பழகுவதே இல்லை. அதனால்தான் மார்ஃபினோடு முதல் நாளிலிருந்தே மலமிளக்கியும் எழுதித் தருகிறார்கள். அதைத் தேவையில்லை என்று ஒதுக்கிவைத்த வீடுகளில், வயிறு சுத்தமானதும் சிறுநீரும் தாராளமாகப் போவதுண்டு. பழியெல்லாம் மார்ஃபினுக்கு மட்டும் உரியதல்ல. வீங்கிய புராஸ்டேட், நரம்பு வலிக்குச் சேர்த்துக் கொடுக்கும் அமிட்ரிப்டிலின், சளிக்கு வாங்கிய குளோர்ஃபெனிரமின் மாத்திரை எல்லாமே பையைப் பூட்டக்கூடியவை. எழுபது வயது ஆணுக்கு இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்தே இருக்கலாம்.

ஏமாற்றக்கூடிய அறிகுறி ஒன்று உண்டு. "நல்லாத்தான் போகுது, படுக்கையே நனையுதே" என்பார்கள். பை நிரம்பி வழிவதுதான் அந்த நனைவு. கைலி ஈரமாக இருக்கும், ஆனால் ஒருமுறைகூட முழுதாகப் போயிருக்க மாட்டார். தொப்புளுக்குக் கீழே மெல்லத் தொட்டால் திரண்டு புடைத்திருக்கும், அவர் முகம் சுளிப்பார். பேச முடியாத முதியவர் என்றால் புரண்டு புரண்டு படுப்பார், துணியைப் பிடித்து இழுப்பார், உளறுவார். மார்ஃபின் போதை தலைக்கேறிவிட்டது என்று தூக்க மருந்து கொடுப்பதற்கு முன் அடிவயிற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். டியூப் போட்டு ஒரு லிட்டர் வடிந்ததும் அமைதியாகத் தூங்கியவர்கள் உண்டு.

டியூப் போட்டால் ஆயுளுக்கும் அதோடுதான் என்பதும் தவறு. பையை வடித்து ஓய்வு கொடுத்து, மலச்சிக்கலைச் சரிசெய்து, மருந்துகளைத் திருத்தியபின் பலருக்கு அதை எடுத்துவிடலாம். சிசேரியன் போன்ற அறுவைகளில் முதுகுத் தண்டில் மார்ஃபின் செலுத்தும்போது, மாத்திரையைவிட இந்தத் தடை அதிகம் வரும். அதுவும் பெரும்பாலும் ஓரிரு நாளில் நீங்கிவிடும்.

மருந்தை மட்டும் தாமாக நிறுத்த வேண்டாம். சில வாரம் சாப்பிட்டவர் திடீரென விட்டால் வலியோடு வியர்வை, நடுக்கம், வயிற்றுப்போக்கு எல்லாம் சேர்ந்து வரும். 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டக் கெடுபிடியில் பல ஆண்டுகள் மார்ஃபின் கிடைக்காமல் நோயாளிகள் துடித்திருக்கிறார்கள். 2014-இல் திருத்தம் வந்து வழி கொஞ்சம் இளகியது. அப்படிக் கைக்கு வந்த மாத்திரையை, சரிசெய்யக்கூடிய ஒரு தொல்லைக்காகக் குப்பையில் போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஆனால் எல்லாம் மார்ஃபினால்தான் என்று சும்மா இருக்கவும் கூடாத நேரம் ஒன்று உண்டு. முதுகுவலி புதிதாகக் கூடுகிறது, கால்கள் துவள்கின்றன, உட்காரும் இடம் மரத்துப்போகிறது, அதோடு சிறுநீரும் நின்றிருக்கிறது என்றால், புற்றுக்கட்டி தண்டுவடத்தை நெரிக்கலாம். மறுநாள் பார்ப்போம் என்று தள்ளினால் கால் நிரந்தரமாகச் செயலிழக்கக்கூடும். அன்றைக்கே, இரவானாலும், பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோய் இந்த நான்கையும் சேர்த்துச் சொல்லுங்கள்.