விண்டோ கணக்கு தப்புகிறதா? எதை மாற்றுவது, எதை விடுவது

பஸ் டிக்கெட் மெஷின்களிலிருந்து வரும் விற்பனையை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கூட்டும் காஃப்கா ஸ்ட்ரீம்ஸ் புரோகிராம் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். கூட்டுத்தொகை டேட்டாபேஸோடு ஒத்துப்போகவில்லை என்றால், பலரும் முதலில் விண்டோவின், அதாவது கூட்டும் கால இடைவெளியின், அளவில்தான் கை வைப்பார்கள். கோளாறு பெரும்பாலும் அங்கே இருப்பதில்லை. எந்தக் கடிகாரத்தை நம்புகிறோம், விண்டோவை எப்போது மூடுகிறோம் என்ற இரண்டு முடிவுகளில்தான் இருக்கும்.

1. எந்த நேரம்?

டிக்கெட் அடித்த நேரம், காஃப்காவுக்கு வந்து சேர்ந்த நேரம், கணக்குப் போடும் நேரம் என மூன்று உண்டு. சிக்னல் இல்லாத மலைப்பாதையில் 10.04-க்கு அடித்த டிக்கெட், டிப்போவுக்கு வந்தபின் 10.40-க்கு ஏறலாம். வருமானக் கணக்குக்கு அடித்த நேரமே சரி. சர்வரில் இப்போது எவ்வளவு சுமை என்று பார்க்க மட்டும் கணக்குப் போடும் நேரம் போதும்.

காஃப்கா ஸ்ட்ரீம்ஸ் தானாக எடுத்துக்கொள்வது ரெக்கார்டின் மேல் ஒட்டியிருக்கும் டைம்ஸ்டாம்ப்பை. உள்ளே இருக்கும் டிக்கெட் நேரத்தை அல்ல. அது வேண்டுமென்றால் டைம்ஸ்டாம்ப் எக்ஸ்ட்ராக்டர் எழுத வேண்டும். எழுதும்போது இரண்டு பொறிகள் உண்டு. மெஷின் நொடியில் தரும் எண்ணை மில்லிநொடியாக வாசித்தால் எல்லா டிக்கெட்டும் 1970 ஜனவரிக்குப் போய்விடும்; ஐந்து நிமிட விண்டோ ஒன்றில் ஏறக்குறைய மூன்றரை நாள் விற்பனை குவியும். இந்திய நேரத்தை யூடிசி என்று எடுத்துக்கொண்டால் அந்த ரெக்கார்டு ஐந்தரை மணி நேரம் முன்னால் நிற்கும். அப்படி ஒன்றே ஒன்று நுழைந்தாலும் அந்தப் பார்ட்டிஷனின் ஸ்ட்ரீம் நேரம் (இதுவரை வந்த ரெக்கார்டுகளிலேயே பிந்தைய நேரம்) முன்னே ஓடிவிடும். பின்னால் ஒழுங்கான நேரத்தோடு வரும் டிக்கெட்டுகள் ‘தாமதம்’ என்று கழிந்துபோகும்.

2. எவ்வளவு காத்திருப்பது?

தாமதமாக வருவதற்குத் தரும் அவகாசம்தான் கிரேஸ். காஃப்கா ஸ்ட்ரீம்ஸின் பழைய முறையில், நாம் எதுவும் சொல்லாவிட்டால் விண்டோவின் அளவையும் சேர்த்து 24 மணி நேரம் கிடைத்தது. 3.0 பதிப்பிலிருந்து கிரேஸ் உண்டா, இல்லையா என்று நாமே தெளிவாகச் சொல்லும் புதிய முறைகள் வந்தன. பதிப்பு மாற்றும்போது யோசிக்காமல் ‘கிரேஸ் இல்லை’ என்பதைப் போட்டுவிட்டு, தொகை குறைகிறதே என்று தேடுபவர்கள் முதலில் இதைப் பார்க்கலாம். கழித்த ரெக்கார்டுகளின் எண்ணிக்கையை மெட்ரிக்கே காட்டும்.

கிரேஸைக் கூட்டினால் தொகை சரியாகும். பதிலாக, விண்டோக்களை வைத்திருக்கும் ஸ்டேட் ஸ்டோர் பெரிதாகும், இறுதி விடையும் தள்ளிப்போகும். சீக்கிரம் ஒரு விடையும், பின்னர் சரியான தொகையும் என இரண்டும் வேண்டும் என்றால் ஃபிளிங்க் என்ற இன்னொரு ஸ்ட்ரீம் கருவி வசதி. ‘இந்த நேரம்வரை உள்ளவை வந்துவிட்டன’ என்று குறிக்கும் வாட்டர்மார்க் விண்டோவின் முடிவைத் தாண்டியதும் முதல் விடையைத் தந்துவிட்டு, அனுமதித்த தாமதம் முடியும்வரை திருத்திய விடையையும் தரும். அதற்கும் பிந்தியதைத் தனி வழியில் ஒதுக்கிச் சேமிக்கலாம்.

3. ஒவ்வொரு மாற்றத்தையும் அனுப்புவதா, இறுதியை மட்டுமா?

காஃப்கா ஸ்ட்ரீம்ஸ் இயல்பாக இடைக்கால விடைகளையும் அனுப்பும். வாங்கும் பக்கம் பழைய வரியின் மேல் எழுதினால் சிக்கல் இல்லை. வருவதையெல்லாம் கூட்டினால் 40, 55, 70 என்று வந்த ஒரே விண்டோ 165 ஆகிவிடும். டாஷ்போர்டுக்கு இடைக்கால விடை நல்லது. எஸ்எம்எஸ், பில் போன்று திரும்பப் பெற முடியாதவற்றுக்கு இறுதி விடை மட்டும், அதற்குத்தான் சப்ரெஸ்.

சப்ரெஸ் போட்டபின் ‘கடைசி விண்டோ வரவே இல்லை’ என்ற புகார் எழும். ஸ்ட்ரீம் நேரம் புதிய ரெக்கார்டு வந்தால்தான் நகரும். சுவர்க்கடிகாரம் அதை நகர்த்தாது. இரவு பஸ் நின்றால் விண்டோவும் திறந்தபடியே நிற்கும். டெஸ்டில் பிந்தைய நேரத்தோடு ஒரு போலி ரெக்கார்டு அனுப்பலாம், ஆனால் அதே பார்ட்டிஷனுக்குப் போக வேண்டும். ஃபிளிங்கில் அமைதியான ஒரு பார்ட்டிஷன் மொத்த வாட்டர்மார்க்கையும் பிடித்து நிறுத்தும். அதற்கு வித்ஐடில்நெஸ் அமைப்பு இருக்கிறது.

4. எந்த வகை விண்டோ?

ஒரு டிக்கெட் ஒரே கணக்கில் வர வேண்டுமானால் டம்ப்ளிங். ‘கடந்த ஐந்து நிமிடம்’ என்று நிமிடந்தோறும் பார்க்க ஹாப்பிங். இதில் ஒரே டிக்கெட் ஐந்து விண்டோக்களில் வரும் என்பதால் அவற்றைக் கூட்டி நாள் வருமானம் சொல்லக் கூடாது. ஒரு டிரிப் முடிந்து இடைவெளி விழும்வரை சேர்க்க செஷன். நாள் விண்டோ போடுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அது யூடிசி நள்ளிரவில், அதாவது நமக்குக் காலை 5.30-க்குத் தொடங்கும். ஃபிளிங்கில் ஆஃப்செட்டாக மைனஸ் 330 நிமிடம் கொடுத்தால் போதும். காஃப்கா ஸ்ட்ரீம்ஸில் அதற்கென விண்டோ கிளாஸை நாமே எழுத வேண்டும்.

எங்கிருந்து தொடங்குவது?

தொகை குறைந்தால் டைம்ஸ்டாம்ப்பையும் கிரேஸையும் பாருங்கள். கூடினால் வாங்கும் பக்கத்தையும் ஹாப்பிங்கையும் பாருங்கள். விடையே வராவிட்டால் அமைதியான பார்ட்டிஷனைத் தேடுங்கள். கிரேஸுக்குக் குத்துமதிப்பாக ஓர் எண்ணைப் போடுவதைவிட, டிக்கெட் அடித்த நேரத்துக்கும் வந்த நேரத்துக்கும் உள்ள வித்தியாசத்தைச் சில நாள் பதிவுசெய்து பாருங்கள். எத்தனை சதவீதம் விட்டுப்போனால் பரவாயில்லை என்பதைக் கணக்குப் பிரிவிடம் கேளுங்கள். அதை முடிவு செய்ய வேண்டியது அவர்கள்தான்.