தண்ணீர் எனும் அமானிதம்: முடிவெடுப்பது யார்?

 

யமனைச் சேர்ந்த அப்யள் பின் ஹம்மால் (ரலி) அவர்கள் நபி (ஸல்) அவர்களிடம் வந்து, மஃரிப் பகுதியில் இருந்த உப்பளத்தைத் தமக்குத் தருமாறு கேட்டார்கள். நபியவர்களும் கொடுத்தார்கள். அவர் திரும்பியதும் சபையில் இருந்த ஒருவர், அது வற்றாத தண்ணீரைப் போன்றது என்று எடுத்துச் சொன்னார். உடனே நபியவர்கள் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அபூதாவூத், திர்மிதீ நூல்களில் இச்செய்தி பதிவாகியுள்ளது.

இதில் இரண்டு படிப்பினைகள் உள்ளன. எல்லோருக்கும் உரிய வளத்தைத் தனியொருவர் கையில் கொடுக்கக் கூடாது. விவரம் அறிந்தவர் பேசினால், பொறுப்பில் இருப்பவர் போட்ட உத்தரவையும் மாற்றிக்கொள்ள வேண்டும்.

ராஜஸ்தானின் அல்வர் மாவட்டத்தைப் பாருங்கள். அங்கே ஆர்வாரி ஆறு வறண்டு கிடந்தது. 1985 முதல் அப்பகுதிக் கிராமத்தார் ராஜேந்திர சிங்கின் தருண் பாரத் சங்கத்துடன் சேர்ந்து 'ஜோஹட்' எனும் மழைநீர்க் குளங்களை வெட்டிக் கரை கட்டினார்கள். எங்கே கரை போடுவது என்பதை, மழை வெள்ளம் ஓடும் வழி தெரிந்த ஊர்ப் பெரியவர்களே சொன்னார்கள். மழைநீர் மண்ணில் இறங்கியது, கிணறுகள் ஊறின, ஆண்டு முழுவதும் ஆறு ஓடத் தொடங்கியது.

ஆறு ஓடியதும் உரிமை கேட்பவர்களும் வந்தார்கள். 1996-இல் அரசு அந்த ஆற்றில் மீன்பிடிக்கக் குத்தகை கொடுத்தது. மக்கள் எதிர்த்து நின்றார்கள், குத்தகை ரத்தானது. 1999-இல் சுமார் 70 கிராமங்கள் கூடி ஆற்றுக்கென்று ஒரு பாராளுமன்றம் அமைத்தன. சட்ட அதிகாரம் அதற்கு இல்லை. ஆனாலும், தண்ணீரை அதிகம் குடிக்கும் கரும்பு போன்ற பயிர்களை வைப்பதில்லை என்று தங்களுக்குத் தாங்களே கட்டுப்பாடு விதித்துக்கொண்டார்கள்.

சகோதரர்களே! இங்கேதான் நாம் நம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டும். உரிமை எங்களுக்கு என்று கேட்பது எளிது. அந்த உரிமைக்காக நம் ஆசையை அடக்குவது கடினம். ஊரார் கையிலேயே முடிவு இருந்தாலும், மேட்டு நிலத்துக்காரர் கீழே இருப்பவரை மறந்தால் அதுவும் அநீதிதான். அதனால்தான் முஃமின்களின் காரியங்கள் மஷூராவின்படி நடப்பதை அல்லாஹ் புகழ்ந்து கூறுகிறான்.

உங்கள் ஊர் ஏரியின் வரத்து வாய்க்கால் இன்று எப்படி இருக்கிறது? மார்ச் 22, உலகத் தண்ணீர் நாளில் தமிழகத்தில் கிராம சபை கூடுகிறது. நீங்கள் போகாத சபையில் உங்கள் ஏரியைப் பற்றி வேறு யாரோ முடிவெடுப்பார்கள். போங்கள், தெரிந்ததைச் சொல்லுங்கள். அன்று நபியவர்களின் சபையிலும் ஒருவர் வாய் திறந்ததால்தான் பொதுச்சொத்து காக்கப்பட்டது.

அமானிதத்தைப் பேணும் மக்களாக அல்லாஹ் நம்மை ஆக்கி அருள்வானாக! ஆமீன்.