ஹைபர்னேஷன் பழுது: இளம் கணினிப் பழுதுநீக்குநருக்கு ஒரு கடிதம்



"ஹைபர்னேட் ஆகவில்லை" என்று வாடிக்கையாளர் சொல்லும் ஒரே புகாருக்குள் வெவ்வேறு பழுதுகள் ஒளிந்திருக்கக்கூடும் என்பதே தொழில் பழகுபவர் முதலில் மனத்தில் இருத்த வேண்டியது. கணினி அணையவே மறுக்கலாம்; அணையும் வழியில் உறைந்து நிற்கலாம்; ஒழுங்காக அணைந்துவிட்டு, மறுநாள் எதுவும் நடவாததுபோல் புதிதாகத் தொடங்கலாம். எந்த இடத்தில் அறுபடுகிறது என்று அறியுமுன் பயாஸைப் புதுப்பிப்பதும் டிரைவர்களை மாற்றுவதும் வீண்வேலை மட்டுமல்ல, இருந்த தடயத்தையும் அழிக்கும் வேலை.

1996இல் இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா ஆகியவை வெளியிட்ட ஏசிபிஐ என்னும் மின்மேலாண்மை வரையறையில், ராமுக்கு மட்டும் மின்சாரம் கொடுத்து மற்றவற்றை நிறுத்தும் உறக்கம் எஸ்3 என்றும், நினைவகத்தில் உள்ளதை வட்டில் எழுதிவிட்டு மின்சாரத்தை அறவே துண்டிக்கும் ஹைபர்னேஷன் எஸ்4 என்றும் குறிக்கப்படுகின்றன. லினக்ஸில் இப்படி எழுதப்படும் நினைவகப் பிம்பம், ராமுக்குத் துணையாக வட்டில் ஒதுக்கப்படும் ஸ்வாப் என்னும் பகுதிக்குப் போகிறது. கெர்னல் இயல்பாக ராமின் ஐந்தில் இரண்டு பங்குக்குள் பிம்பத்தை அடக்க முயன்றாலும், ஸ்வாப்பில் ஏற்கெனவே வேறு தரவு குடியிருக்கக்கூடும் என்பதால், ராமின் அளவுக்கு ஸ்வாப் வைப்பதே நிம்மதி.

பழகுபவரை அதிகம் ஏமாற்றுவது, புதிதாகத் தொடங்கிவிடும் கணினிதான். ஏனெனில் அங்கே பிழைச் செய்தி எதுவும் திரையில் வருவதில்லை. கணினி தொடங்கிய ஒவ்வொரு முறையையும் ஜர்னல்சிடிஎல் கட்டளை காட்டும் பட்டியலில் புதிய வரி ஒன்று முளைத்திருந்தால், எழுதப்பட்ட பிம்பம் திரும்ப வாசிக்கப்படவில்லை என்று பொருள். பிம்பம் எந்த வட்டுப் பகுதியில் கிடக்கிறது என்பதைக் கெர்னலுக்குச் சொல்லும் 'ரெஸ்யூம்' என்ற அளவுரு விடுபட்டிருக்கலாம், அல்லது ஸ்வாப்பை மீண்டும் ஃபார்மேட் செய்ததால் அதன் அடையாள எண் மாறியிருக்கலாம். ஸ்வாப் தனிப் பகுதியாக இல்லாமல் கோப்பாக இருந்தால், அக்கோப்பு வட்டில் தொடங்கும் இடத்தின் எண்ணையும் தர வேண்டும். கோப்பை அழித்துப் பெரிதாக உருவாக்கியவர் இந்த எண்ணை மாற்ற மறப்பது வழக்கமான கதை.

உறைந்து நிற்கும் கணினிக்கு, கெர்னலிலேயே 'பிஎம் டெஸ்ட்' என்ற சோதனை வசதி உண்டு. அதில் 'டிவைசஸ்' என்ற நிலையைத் தேர்ந்தால், கணினி நிரல்களை உறையவைத்து, சாதனங்களை நிறுத்தி, 5 நொடி காத்திருந்து, எதையும் வட்டில் எழுதாமல் பழைய நிலைக்குத் திரும்பும். திரும்பாவிட்டால் குற்றம் பெரும்பாலும் ஏதோ ஒரு டிரைவரிடம் இருக்கிறது. கழற்றக்கூடிய மாட்யூல்களில் பாதியைக் கழற்றிச் சோதித்து, மீண்டும் அதில் பாதி என்று குறுக்கிக்கொண்டே வந்தால் அது அகப்படும். சில பழுதுகள் விட்டுவிட்டு வருபவை என்பதால், ஒருமுறை தேறியதை வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது.

அணைய மறுப்பதற்குப் பெரும்பாலும் கொள்கையோ அமைப்பு முறையோதான் காரணம், பழுதன்று. செக்யூர் பூட் இயங்கும்போது பல லினக்ஸ் பதிப்புகள் கெர்னலைப் பூட்டி ஹைபர்னேஷனைத் தடுக்கின்றன. ஃபெடோரா 33 முதல் இயல்பாக வரும் இசட்ராம், ராமுக்குள்ளேயே சுருக்கி வைக்கும் ஸ்வாப் என்பதால், மின்சாரம் போனபின் எதையும் காத்துத் தராது. விண்டோஸில் பவர்சிஎஃப்ஜி கட்டளையின் 'ஏ' விருப்பம் எந்த நிலை கிடைக்கும், எது ஏன் கிடைக்காது என்று சொல்லிவிடும்.

வட்டைக் கழற்றி வேறு கணினியில் மாட்டித் தரவை நகலெடுக்கும் பழக்கம் உள்ளவர், ஹைபர்னேட் ஆகிய வட்டில் எதையும் எழுதிவிடக் கூடாது. திரும்பி எழும் இயங்குதளம், தான் உறங்குமுன் கண்ட கோப்பமைப்பே இன்னும் இருக்கிறது என்று நம்பி எழுதத் தொடங்கும். அப்போது கோப்புகள் சிதைந்துபோகும். விண்டோஸ் 8 முதல் வந்த ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப், சாதாரண ஷட்டவுனிலும் கெர்னலை மட்டும் இவ்வாறே உறங்கவைப்பதால், இரண்டு இயங்குதளங்கள் உள்ள கணினியில் இந்த ஆபத்து வெளியே தெரியாமலே காத்திருக்கிறது. கணினியை எழுப்ப முடிந்தால் எழுப்பி முழுமையாக அணைத்த பிறகே வட்டைத் தொட வேண்டும். முடியாவிட்டால், பிம்பத்தைத் துறந்தால் சேமிக்காத வேலை போய்விடும் என்று வாடிக்கையாளரிடம் சொல்லி, அவர் ஒப்புக்கொண்ட பின்னரே, லினக்ஸில் பிம்பத்தைப் புறக்கணிக்கச் சொல்லும் 'நோ ரெஸ்யூம்' அளவுருவைக் கொடுத்துத் தொடங்க வேண்டும்.